தினையும் யானையும்

(தருமபுரி மாவட்டத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



தருமபுரியிலிருந்து சேலம் போகும் சாலையில் அதியமான்கோட்டை வருகிறது. இறங்கிக் கோட்டையைத் தேடினால் எளிதில் கண்ணில் படாது. பெயர்தான் நிலைத்து நிற்கிறது. அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதையை இந்த மாவட்டத்தில் எந்தப் பள்ளிப் பிள்ளையும் மூச்சுவிடாமல் சொல்லும். அதே அதியமான் நெடுமான் அஞ்சியின் வாசலில் இரண்டு புலவர்கள் கோபித்துக்கொண்ட கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இன்றைய உரைக்கு நெல்லிக்கனியைவிட அந்த இரண்டு கோபங்கள்தான் வேண்டியிருக்கின்றன.

முதல் கோபம் பெருஞ்சித்திரனாருடையது. புறநானூற்றின் 208ஆம் பாட்டு. மலைப்பாதையெல்லாம் நடந்து அதியமானின் ஊரான தகடூருக்கு வந்து சேர்கிறார் புலவர். அரசனுக்கு என்ன வேலையோ, அவரை நேரில் பார்க்காமலே பரிசிலை ஆளிடம் கொடுத்து, வாங்கிக்கொண்டு போகச் சொல்லிவிடுகிறான். வந்த காரியம் முடிந்ததென்று வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். அவர் மறுக்கிறார். என்னைப் பார்க்காமல் கொடுத்ததை எடுத்துக்கொண்டு போக நான் வியாபாரி இல்லை என்கிறார். என் புலமை எவ்வளவு என்று தெரிந்துகொண்டு கொடுத்தால் தினை அளவு கொடுத்தாலும் அது எனக்கு இனிக்கும் என்கிறார்.

இப்படிச் சொன்னவர் வயிறு நிறைந்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். பெருஞ்சித்திரனார் வீட்டு அடுப்படியை அவரே காட்டியிருக்கிறார். 160ஆம் பாட்டில் அவர் பிள்ளை பசியில் வெறும் பானையைத் திறந்து பார்த்துவிட்டு அழுகிறது. தாய் புலி வருகிறதென்று பயம் காட்டிப் பார்க்கிறாள், நிலாவைக் காட்டிப் பார்க்கிறாள். 159ஆம் பாட்டில் உப்பில்லாமல் வேகும் கீரை. பொருளை இழிவாகப் பேசுகிறவரும் அல்ல. இளவெளிமான் என்ற தலைவன் குறைவாகக் கொடுத்தபோது அதை வாங்காமல் போய், வள்ளல் குமணனிடம் யானையே பரிசாகப் பெற்று வந்து, இளவெளிமானின் காவல் மரத்தில் கட்டிவிட்டு, இது நான் உனக்குத் தரும் பரிசு என்று சொன்ன ஆள் இவர். அது 162ஆம் பாட்டு.

ஓரிடத்தில் தினை போதும் என்றவர் இன்னோரிடத்தில் யானையைக் கொண்டுவந்து கட்டுகிறார். முரண்போலத் தெரிந்தாலும் கணக்கு ஒன்றுதான்: கொடுத்தவன் பார்த்துக் கொடுத்தானா?

இன்று எந்த நிறுவனத்தையும் சாராமல் எழுதுகிறவர், பாடுகிறவர், வரைகிறவர் எல்லாருக்கும் முன்னால் ஒரு கேள்வி நிற்கிறது. ஆசைக்கு எழுதுவதா, ஆள் சேர்ப்பதா? ஆசைக்கு எழுதுகிறவரைப் பிழைக்கத் தெரியாதவர் என்கிறார்கள். ஆள் சேர்க்கிறவரைக் கடை விரித்தவர் என்கிறார்கள். இரண்டு ஏச்சுக்கும் நடுவே தகடூர் வாசலில் நின்ற புலவர் கேட்ட கேள்வி காணாமல் போய்விட்டது. அதைத் திரும்ப எடுத்து வைப்பதுதான் இந்த உரையின் வேலை.

வாயில்காவலனிடம் சொன்னது

இரண்டாவது கோபம் ஔவையுடையது; 206ஆம் பாட்டு. பரிசில் தர அதியமான் நாள் கடத்துகிறான். ஔவை அரசனைத் திட்டவில்லை, வாயில்காவலனைக் கூப்பிட்டுப் பேசுகிறாள். உன் அரசனுக்குத் தன்னைத் தெரியாதா, இல்லை என்னைத்தான் தெரியாதா? அறிவும் புகழும் உடையவர்கள் செத்து உலகம் ஒன்றும் காலியாகிவிடவில்லை. யாழை எடுத்தாயிற்று, பையைக் கட்டியாயிற்று. கைவேலை தெரிந்த தச்சன் பிள்ளைகள் கோடரியோடு காட்டுக்குப் போனால் வெட்ட மரமா கிடைக்காது? கலை தெரிந்தவர்களுக்கு எந்தத் திக்குப் போனாலும் சோறு உண்டு. பாட்டின் சாரம் இவ்வளவுதான்.

தனித்து இயங்கும் கலைஞரின் சாசனம் என்று ஒன்றை எழுதச் சொன்னால் இதைவிடத் திட்டமாக எழுத முடியாது. காடு என்று ஔவை சொன்னதைத்தான் இன்று வாசகர் பரப்பு, ரசிகர் கூட்டம் என்கிறோம். ஒரு வாசல் மூடினால் மறு வாசல். ஆனால் அந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு நிபந்தனை இருக்கிறது. தச்சன் பிள்ளைக்குக் கைவேலை தெரிந்திருக்க வேண்டும். கோடரி பிடிக்கப் பழகுமுன் மரத்தை எண்ணிக்கொண்டிருந்தால் காடு உதவாது.

இதே ஔவை இதே அதியமானைப் பாடிய 101ஆம் பாட்டும் இருக்கிறது. ஒரு நாள் போனாலும் பல நாள் போனாலும், ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனாலும், முதல் நாள் முகம் மாறாதவன் என்கிறாள். பரிசில் தாமதமாகலாம், தவறாது என்கிறாள். எந்தப் பாட்டு முன்னே, எந்தப் பாட்டு பின்னே என்று யாரும் அறுதியிட முடியாது. ஔவையும் அதியமானும் ஒருவரையொருவர் பார்த்துப் பழகியவர்கள் என்பது மட்டும் நிச்சயம். பார்த்துப் பழகியவர்களிடம்தான் இவ்வளவு உரிமையாகக் கோபிக்க முடியும்.

பாப்பாரப்பட்டியில் ஒரு பத்திரிகைக்காரர்

சங்க காலத்தை விட்டு நூறு ஆண்டுக்கு முன்னால் வருவோம். இந்த மாவட்டத்தின் பாப்பாரப்பட்டியில் 1925 ஜூலை 23ஆம் தேதி சுப்பிரமணிய சிவா காலமானார். வயது நாற்பது. தேசபக்தர், வ.உ.சி.யோடு 1908இல் கைதானவர், சிறையில் தொழுநோய்க்கு ஆளானவர், பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்பக் கனவு கண்டவர் என்பதெல்லாம் ஊரறிந்த செய்தி. அந்தக் கோயிலுக்குச் சித்தரஞ்சன் தாஸ் 1923இல் வந்து அடிக்கல் நாட்டினார். ஆனால் சிவா ஒரு பத்திரிகைக்காரர் என்பது இரண்டாம் வரியில்தான் வரும்.

1912இல் விடுதலையாகி வந்தவர், மறு ஆண்டே 'ஞானபானு' என்ற மாத இதழைத் தொடங்கினார். கையில் பணம் கிடையாது, உடம்பில் நோய், பின்னால் போலீஸ். சந்தாவை நம்பி நடந்த இதழ். புதுச்சேரியில் அடைபட்டுக் கிடந்த பாரதி அதில் எழுதினார். 'சின்னச் சங்கரன் கதை' அதில்தான் வந்தது. முற்றுப்பெறாத அந்தக் கதை, ஒரு ஜமீன்தாரைச் சுற்றி உட்கார்ந்து துதிபாடும் புலவர் கூட்டத்தைக் கிண்டல் செய்கிறது. எட்டயபுரம் அரண்மனையில் இருந்து பார்த்தவர் எழுதினார். ஜமீன் தயவில்லாமல் இதழ் நடத்தியவர் வெளியிட்டார். பரிசில் வாழ்க்கைக்கும் சந்தா வாழ்க்கைக்கும் இடையில் தமிழ் எழுத்து கடந்துகொண்டிருந்த காலம் அது.

'ஞானபானு' சில ஆண்டுகளே வந்தது. சிவா விடவில்லை. எழுதினார், நாடகம் போட்டார், சந்தை கூடும் இடத்தில் நின்று பேசினார். நோயைக் காட்டி ரயிலில் ஏறக் கூடாது என்று தடுத்தபோது மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் போனார். ஆள் சேர்ப்பது என்ற சொல் இவரிடம் வேறு பொருள் கொள்கிறது. கூட்டத்தைத் தன்னிடம் வரவழைக்க வழியில்லாதவர், நடந்து போய்க் கூட்டத்தைச் சந்தித்தார்.

நாலு லட்சமும் இரண்டாயிரமும்

பாரதிக்கும் ஆள் சேர்க்கும் ஆசை இருந்தது. சின்ன ஆசை அல்ல. 1920இல் கடையத்திலிருந்து அவர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். தன் எழுத்து முழுவதையும் 40 புத்தகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சிடப்போவதாகத் திட்டம். மொத்தம் நாலு லட்சம் பிரதி. முதலுக்குக் கடன் கேட்டார். மண்ணெண்ணெய், தீப்பெட்டி போலத் தன் நூல்கள் வீட்டுக்கு வீடு விலைபோகும் என்று அவர் நம்பினார். பணம் வரவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவரே போய்விட்டார்.

ஒரு மகாகவி தன்னைத் தீப்பெட்டியோடு ஒப்பிட்டுக்கொள்வதா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. தீப்பெட்டி இல்லாத வீடு கிடையாது என்பதை அவர் கவனித்திருந்தார், அவ்வளவுதான். அவர் விரும்பிய எண்ணிக்கை அடுப்படி வரைக்கும் போகிற எண்ணிக்கை.

அதே பாரதிக்கு 1907இல் எதிர்பாராத இடத்திலிருந்து ஓர் உதவி கிடைத்தது. வி. கிருஷ்ணசாமி ஐயர் மிதவாதி. பாரதியின் தீவிர அரசியல் அவருக்கு ஆகாது. ஆனால் பாரதி பாடி நேரில் கேட்டபோது உருகிப்போனார். தன் செலவில் அந்தப் பாடல்களை 15,000 பிரதி அச்சிட்டு இலவசமாகக் கொடுக்கச் செய்தார். பெருஞ்சித்திரனார் கேட்டது இப்படிப்பட்ட கொடையைத்தான். கட்சி வேறு, கருத்து வேறு, கேட்டுவிட்டுக் கொடுத்தார்.

பாரதியின் நாலு லட்சத்துக்கு நேர் எதிரே நிற்கிறது சி.சு. செல்லப்பாவின் இரண்டாயிரம். சிவாவைப் போலவே செல்லப்பாவும் வத்தலக்குண்டுக்காரர். 1959 ஜனவரியில் 'எழுத்து' இதழைத் தொடங்கியபோது, 2,000 பிரதிக்கு மேல் அச்சிடப்போவதில்லை, கடையில் தொங்காது, சந்தாதாரருக்கு மட்டும்தான் என்று அறிவித்தார். வார இதழ்கள் லட்சங்களை நோக்கி ஓடிக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் எல்லை இதுதான் என்று கோடு கிழித்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்தார். அந்த இரண்டாயிரத்தையும் 'எழுத்து' எட்டவில்லை. ஆனாலும் 119 இதழ்கள் வந்தன. தமிழில் புதுக்கவிதை காலூன்றியது அங்கேதான். 1962இல் அவர் தொகுத்த 'புதுக்குரல்கள்' 24 பேரின் 63 கவிதைகளைக் கொண்ட மெலிந்த புத்தகம். பின்னாளில் பல்கலைக்கழகப் பாடமாகவும் ஆனது.

செல்லப்பா வீட்டில் உட்கார்ந்து ஆசைக்கு எழுதியவர் என்று நினைத்தால் தப்பு. புத்தக மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார். ஆசிரியர் அறையில் மூட்டையைப் பிரித்து, ஒவ்வொரு புத்தகமும் ஏன் முக்கியம் என்று சொல்லி விற்றார். ஆள் சேர்ப்பில் அவரைவிட உழைத்தவர் தமிழில் குறைவு. ஒவ்வொரு ஆளையும் முகம் பார்த்துச் சேர்த்தார், அதுதான் வித்தியாசம்.

2008இல் அமெரிக்க எழுத்தாளர் கெவின் கெல்லி ஒரு கணக்குப் போட்டார். ஒரு கலைஞருக்குக் கோடிப் பேர் வேண்டாம், உண்மையான ரசிகர் ஆயிரம் பேர் போதும். ஆளுக்கு ஆண்டுக்கு 100 டாலர் செலவழித்தால் ஒரு லட்சம் டாலர் வருமானம், பிழைத்துக்கொள்ளலாம். உலகமெங்கும் தனிக்கலைஞர்கள் இதைத் தாரக மந்திரம்போலச் சொல்கிறார்கள். செல்லப்பா அரை நூற்றாண்டுக்கு முன்பே அந்த ஆயிரம் பேரைத் தேடிப் போனவர்தான். அவருக்குக் கிடைத்த ஆட்கள் உண்மையானவர்கள், கெல்லியின் 100 டாலர்தான் அவர்களிடம் இல்லை. இதழ் நடத்த மனைவியின் நகைகள் போயின. ஆசைக்கு எழுதுவது செலவில்லாத காரியம் என்று பேசுகிறவர்கள், அந்தச் செலவு வீட்டில் யார் கழுத்திலிருந்து இறங்கியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 'சுதந்திர தாகம்' நாவலை 1997இல் தானே வெளியிட்டார்; மறு ஆண்டு இறந்தார். சாகித்திய அகாதெமி விருது 2001இல் வந்தது.

விடிய விடிய

புத்தகத்தை மூடிவிட்டு இந்த மாவட்டத்தின் ஒரு திரௌபதி அம்மன் கோயில் திடலுக்குப் போகலாம். பகலில் பாரதம் படிக்கிறார்கள், இரவில் கூத்து. ஊர்க்காரர்கள் நாடகம் என்றே சொல்வார்கள். வெற்றிலை பாக்கோடு அச்சாரம் கொடுத்து, ஓர் இரவுக்கு இவ்வளவு என்று குழுவோடு பேசி முடித்திருப்பார்கள்.

பொழுது சாய்ந்ததும் வேன் வந்து நிற்கும், பெட்டிகள் இறங்கும். தட்டி மறைப்புக்குள் ஒரு கண்ணாடித் துண்டைக் கையில் பிடித்தபடி அரிதாரம் பூசத் தொடங்குவார்கள். துரியோதனன் வேஷம் கட்ட நேரம் பிடிக்கும். கிரீடமும் புஜகீர்த்தியும் மார்புப் பதக்கமும் மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு ஒட்டியவை. கயிறு போட்டு உடம்போடு இறுக்குவார்கள். விடியும்வரை அந்தப் பாரத்தோடு சுழன்று ஆட வேண்டும். பத்து மணிக்கு மேல் மத்தளமும் தாளமும் ஆர்மோனியமும் சேரும். கட்டியங்காரன் வந்து சிரிக்கவைப்பான். வேஷம் திரைக்குப் பின்னால் நின்றே பாடும், முகத்தை உடனே காட்டாது. நடுவில் ஒருவர் எழுந்துவந்து பத்து ரூபாயோ நூறு ரூபாயோ கொடுப்பார். கதை நிற்கும். கட்டியங்காரன் கொடுத்தவரின் பெயரையும் ஊரையும் சொல்லி வாழ்த்துவான். பிறகு கதை விட்ட இடத்திலிருந்து ஓடும்.

இரண்டு மணிக்குப் பிள்ளைகள் போர்வைக்குள் சுருண்டுவிடும். இளவட்டங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். மூன்று மணிக்கு மிச்சம் இருப்பவர்கள் பெரியவர்கள், கதை தெரிந்தவர்கள். பாடுகிறவர் ஓர் அடியை விழுங்கினாலும் அவர்களுக்குத் தெரியும். தொண்டையைச் சேமித்து வைத்திருந்து, நல்ல விருத்தத்தை அந்த நேரத்துக்கு எடுக்கும் வாத்தியார்கள் உண்டு. அச்சாரம் எப்போதோ பேசியாயிற்று, அன்பளிப்பு கொடுக்கிறவர்களும் போய்விட்டார்கள். இனிமேல் பாடுவதில் ஒரு காசு கூடப்போவதில்லை. பாட்டு அப்போதுதான் ஏறும்.

இந்த இரவை இன்றைய கணக்கில் போட்டுப் பார்க்கலாம். யூடியூபில் விளம்பர வருமானம் வர 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். ஓராண்டில் 4,000 மணி நேரம் மக்கள் பார்த்திருக்க வேண்டும். துணுக்குக் காணொளி என்றால் 90 நாளில் 1 கோடி பார்வை. கூத்துத் திடலில் ஐந்நூறு பேர் எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் அதுவே 4,000 மணி நேரம். ஒரு குழு ஒரே இரவில் அதைச் சம்பாதித்துவிடும். அந்த மணி நேரம் எந்தக் கணக்கிலும் ஏறாது. கோயில் திருவிழாக்கள் ஓய்ந்ததும் பல கலைஞர்கள் கூலி வேலைக்கோ, பெங்களூருக்கோ திருப்பூருக்கோ போகிறார்கள். காரியத்துக்குக் கர்ண மோட்சம் ஆடக் கூப்பிட்டால் விடுப்புச் சொல்லிவிட்டு ஓடி வருகிறார்கள்.

அதனால் கைப்பேசியைத் தூக்கிப் படம் பிடித்துப் போடும் கூத்து வீட்டுப் பிள்ளைகளைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அவர்கள் ஔவை சொன்ன காட்டுக்குப் போகிறார்கள். கவலை வேறு இடத்தில் இருக்கிறது. இருபது வினாடியில் ஆள் நகர்ந்துவிடுவான் என்பதால் வேஷம் திரைக்குப் பின்னால் நிற்கும் நேரம் குறைகிறது. பார்வை எண்ணிக்கையை ஏற்றுவது கட்டியங்காரன் என்றால் துரியோதனன் சுருங்கிப்போகிறான். எண்ணிக்கை ஒரு லட்சம் என்று காட்டும்; விழுங்கிய அடியைக் கண்டுபிடித்தவர் எத்தனை பேர் என்று காட்டாது. பார்க்காமல் அனுப்பிய பரிசில் இன்று இந்த வடிவத்தில் வருகிறது. அதியமானாவது ஓர் ஆளிடம் கொடுத்துவிட்டான்.

சம்பளம் என்ற புரவலன்

தமிழில் ஆசைக்கு எழுத முடிந்தவர்களில் பலருக்குப் பின்னால் ஒரு மாதச் சம்பளமோ கடை வருமானமோ இருந்தது. நகுலன் கல்லூரி ஆசிரியர், சுந்தர ராமசாமிக்குத் துணிக்கடை, நாஞ்சில் நாடனுக்கு விற்பனைப் பணி. இந்த ஊரிலேயே ஓர் உதாரணம் உண்டு. ஜெயமோகன் தொலைபேசித் துறை ஊழியராக 1990களில் தருமபுரியில் வாழ்ந்தவர். அந்தப் பத்தாண்டில், 1997இல், 'விஷ்ணுபுரம்' வெளிவந்தது. அவ்வளவு பெரிய, அவ்வளவு கடினமான நாவலை யார் வாங்குவார்கள் என்று கவலைப்பட வேண்டிய கட்டாயம் எழுதியவருக்கு இல்லை. வீட்டு அரிசி வேறு கணக்கிலிருந்து வந்தது.

பிற்பாடு அவர் ஆள் சேர்த்த விதமும் கவனிக்கத்தக்கது. மகாபாரதத்தை 'வெண்முரசு' என்று 2014 ஜனவரியிலிருந்து 2020 ஜூலை வரை, நாளுக்கு ஓர் அத்தியாயமாக, கட்டணமில்லாமல் இணையத்தில் எழுதினார். 26 நாவல்கள். திரௌபதி அம்மன் திடலில் விடிய விடிய நடக்கும் அதே கதை. வாசகர்கள் கடிதம் எழுதினார்கள், கூடிப் பேசினார்கள், 2010 முதல் மூத்த எழுத்தாளர்களுக்கு ஆண்டுதோறும் விருது கொடுக்கிறார்கள். அவர் கருத்துகளோடு சண்டை போடுகிறவர்களும் ஒன்றை மறுக்க முடியாது: வாசகர் வசதிக்காக எழுத்து சுருங்கவில்லை, அந்த நீளத்துக்கு வாசகர் வந்து சேர்ந்தார்கள்.

சம்பளம் இல்லாதவர் என்ன செய்வது? இதற்கு மழுப்பலான பதில் சொல்லக் கூடாது. எல்லாருக்கும் துணிக்கடை இருக்காது. கூத்தாடிக்கும் வீட்டு வேலை முடித்து இரவு பதினொரு மணிக்கு எழுதும் பெண்ணுக்கும் ஆயிரம் ரசிகர் கணக்கு எட்டாத தூரம். அவர்கள் ஆள் சேர்க்கட்டும், கூச்சப்பட வேண்டியதில்லை. பெருஞ்சித்திரனார் யானை வாங்கியவர்தான். எதை எழுதுவது, எப்படி எழுதுவது என்பதை மட்டும் மூன்று மணிக்கும் எழுந்துபோகாதவர்களை நினைத்து முடிவு செய்யட்டும். அப்படிப்பட்டவர்கள் பத்துப் பேரானாலும் அவர்களிடமிருந்து தொடங்கலாம்.

மீதிப் பொறுப்பு எழுதுகிறவர்களுடையது அல்ல, இந்த அவையுடையது. 208ஆம் பாட்டில் குற்றம் சாட்டப்பட்டவன் புலவன் இல்லை, பார்க்காமல் கொடுத்தவன். இங்கே இருப்பவர்களில் பலர் நூல் வாங்குகிறவர்கள், விழா எடுக்கிறவர்கள், பொன்னாடை போர்த்துகிறவர்கள். பொன்னாடை போர்த்துமுன் அவர் எழுதியதில் ஒன்றையாவது படித்துவிட்டு வாருங்கள். படித்த புத்தகத்தைப் பற்றி எழுதியவருக்கு நாலு வரி எழுதுங்கள், பிடிக்கவில்லை என்றாலும் எழுதுங்கள். உள்ளூர்க் கூத்துக் குழுவைக் கல்லூரி விழாவுக்குக் கூப்பிட்டால், தலைமை விருந்தினர் பேச்சுக்கும் பரிசளிப்புக்கும் நடுவில் பதினைந்து நிமிடம் கொடுத்து அனுப்பாதீர்கள். ஓர் இரவைக் கொடுங்கள்.

வரும் கோடையில் பக்கத்து ஊரில் பாரதம் நடந்தால் ஒரு நாளாவது போய்விட்டு வாருங்கள். சால்வை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், பின்னிரவில் பனி இறங்கும். ஆட்டம் பத்து மணிக்கு மேல்தான் தொடங்கும். இரண்டு மணிக்கு எழுந்துவிடாதீர்கள்.